அப்பாவின் 2024 சம்பளம், மகளின் 2026 கல்லூரி

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சென்னையில் பிறந்து, மூன்று வயதில் எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) நியூ ஜெர்சிக்கு வந்தவன். இளையவள் அங்கேயே எடிசன் ஊரில் பிறந்தவள், அதனால் அமெரிக்கக் குடிமகள். இருவரும் படித்தது ஒரே பள்ளி, ஏறியது ஒரே மஞ்சள் பஸ். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்ததும் மூத்தவனுக்கு அமெரிக்க மத்திய அரசு ஒரு டாலரும் தராது. இளையவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அப்பாவும் அம்மாவும் இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தடையே இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நாங்க எச்1பி, எங்களுக்கு எதுவும் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பெற்றோர் நிறைய. அரசு பார்ப்பது மாணவரின் குடியுரிமையை. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் போன்றோர் தகுதி பெறுவார்கள். எச்4 விசாவிலும் எஃப்1 என்ற மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை. பெற்றோர் என்ன விசாவில் இருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. அவர்களுடைய வருமானம்தான் வரும்.

அந்த விண்ணப்பத்தை எல்லோரும் ஃபாஃப்சா என்கிறார்கள். பெயரின் முதல் எழுத்துக்கே "இலவச" என்று அர்த்தம். காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகிறோம் என்று வருபவர்களிடம் இதைச் சொல்லி அனுப்பிவிடலாம். உயர்கல்விச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 நவம்பரில் டெக்சாஸின் சான் மார்கோஸில், தான் படித்த கல்லூரியிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஏழை மாணவர்களுக்கான அடிப்படை மானியம் 1972இல் வந்தது. அதற்காக உழைத்த செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரால் இன்று அது பெல் கிராண்ட். ஃபாஃப்சா என்ற ஒற்றைப் படிவம் 1992இல் பிறந்தது. மானியம், அரசுக் கடன், வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் வொர்க் ஸ்டடி எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வாசல். பெரும்பாலான மாநிலங்களும் தங்கள் உதவித்தொகைக்கு இதே படிவத்தைக் கேட்கின்றன.

படிவம் இணையத்தில்தான். மாணவர் தனியாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும், பெற்றோர் தனியாக ஒன்று. இங்கேதான் நம் பெயர்கள் முரண்டு பிடிக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே கொடுக்க வேண்டும். ஊரில் "ஆர். செந்தில்குமார்" என்று இருந்தவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அமெரிக்க விசாவில் அவர்களுடைய முதல் பெயர் "எஃப்என்யு" என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதுவே பெயர் என்று நினைத்து "ஃபனு" என்று கூப்பிட்ட ஆபீஸ் கதைகள் எல்லோருக்கும் தெரியும். சம்பள ரசீதில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி, வரித் தாக்கலில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் கணக்கு சரிபார்ப்பில் சிக்கும். கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பதைவிட ஆகஸ்டிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவது நல்லது. அம்மா எச்4இல் இருந்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இல்லை என்றாலும் கணக்கு தொடங்க முடியும். தவிர, பெற்றோர் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் இருவரில் ஒருவர் மட்டும் படிவத்தில் பங்கெடுத்தால் போதும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோர் என்றதும் 2024ஆம் ஆண்டு ஞாபகம் வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட பழைய படிவத்தைச் சுருக்கி, வரி விவரங்களை வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும் புதிய படிவத்தைக் கொண்டுவர 2020 டிசம்பரில் காங்கிரஸ் சட்டம் போட்டது. நல்ல யோசனைதான். ஆனால் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும் படிவம் அந்த முறை 2023 டிசம்பர் 30 அன்றுதான் திறந்தது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். எண் இல்லாத பெற்றோரால் உள்ளேயே போக முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் பிறந்த மாணவர்கள் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். விலைவாசி உயர்வைக் கணக்கில் சேர்க்க மறந்து, பிறகு உதவியைக் கணக்கிடும் சூத்திரத்தைத் திருத்தினார்கள். முதல் ஐந்து மாதத்தில் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் அழைப்புகளில் 40 லட்சத்தை யாருமே எடுக்கவில்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பின்னர் சொன்னது. மாணவர்களின் விவரங்கள் மார்ச்சில்தான் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கின. மே 1 அன்று முடிவைச் சொல்ல வேண்டிய பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவி என்றே தெரியாததால், பல கல்லூரிகள் அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தன.

இப்போது நிலைமை தேறிவிட்டது. படிவம் அக்டோபர் 1க்குள் திறக்க வேண்டும் என்று 2024 கடைசியில் ஒரு தனிச் சட்டமே வந்தது. 2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2025 செப்டம்பர் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. மத்திய அரசின் கெடு 2027 ஜூன் 30 வரை நீளும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கலிஃபோர்னியாவின் மாநில உதவித்தொகையான "கால் கிராண்டு"க்கு வழக்கமாக மார்ச் 2தான் கடைசி நாள். இல்லினாய் போன்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே முதலில். பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கெடு வேறு.

சரி, படிவம் எதைப் பார்க்கிறது? இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. 2026 இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு 2024ஆம் ஆண்டின் வரித் தாக்கல். அந்த வருடம் அப்பா கம்பெனிப் பங்குகளை விற்றிருக்கலாம், போனஸ் வந்திருக்கலாம். 2025இல் வேலையே போயிருக்கலாம். படிவத்துக்கு அது தெரியாது. 2024இல் நன்றாகச் சம்பாதித்த குடும்பம் என்றுதான் அதன் கண்ணில் படும். ஐஆர்எஸ்ஸிலிருந்து நேராக விவரம் வர ஒவ்வொருவரும் சம்மதம் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாணவருக்கு மத்திய உதவி கிடையாது. இன்னொன்று: பெற்றோரின் வருமானம் பிள்ளையின் திரையில் தெரியாது. சம்பளத்தைப் பிள்ளைகளிடம் பேசும் வழக்கமில்லாத நம் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் எனக்கு அதில் முழு சந்தோஷம் இல்லை. வருடத்துக்கு எவ்வளவு தர முடியும் என்பதைப் பிள்ளைக்கு யார் எப்போது சொல்வது? பல வீடுகளில் அது ஏப்ரலில், கனவுக் கல்லூரியின் கடிதம் வந்த பிறகு, சண்டையாகத்தான் வெளியே வருகிறது.

எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு எண் வரும். முன்பு "குடும்பம் தர வேண்டிய தொகை" என்ற பொருளில் பெயர் இருந்தது. இப்போது "மாணவர் உதவிக் குறியீடு" என்று மாற்றியிருக்கிறார்கள், சுருக்கமாக எஸ்ஏஐ. பெயரை மாற்றியது நியாயம்தான், ஏனென்றால் குடும்பம் அந்தத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று எந்தக் கல்லூரியும் வாக்குக் கொடுப்பதில்லை. மைனஸ் 1,500 வரை இறங்கக்கூடிய எண் அது. கல்லூரியின் மொத்தச் செலவிலிருந்து அதைக் கழித்தால் வருவதைத் "தேவை" என்கிறார்கள். அந்தத் தேவை முழுவதையும் நிரப்பும் கல்லூரிகள் கொஞ்சம்தான், பெரும்பாலும் நிறையச் சொத்து வைத்திருக்கும் தனியார் கல்லூரிகள். மற்றவை பாதி வழியில் விட்டுவிடும்.

புதிய சூத்திரத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கு விழுந்த அடி வேறொன்று. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோரின் பங்கை இரண்டாக வகுப்பார்கள். 2024-25 முதல் அது கிடையாது. இரட்டையர் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எஸ்ஏஐ வகுக்கப்படாமல் முழுதாக வரும்.

அடுத்தது ஊர்ச் சொத்து. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. 401கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பையும் எடுப்பதில்லை. ஆனால் கோயம்புத்தூரில் வாங்கிப் போட்ட மனை? மதுரையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்? இந்திய வங்கியில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்? எல்லாமே முதலீடுதான். எந்த நாட்டில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. படிவத்தில் கையெழுத்திடும் நாளின் மதிப்பை எழுத வேண்டும். பெற்றோரின் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைச் சூத்திரம் எடுத்துக்கொள்ளும். மனையின் மதிப்பு 1,00,000 டாலர் என்றால் எஸ்ஏஐ 5,640 வரை கூடலாம். அடுத்த வருடம் மறுபடியும் அதே மனைக்கு அதே கணக்கு. அந்த மனையை விற்று ஒரு டாலரும் கைக்கு வராமலே உதவித்தொகை குறையும். அப்பா பெயரில் இருந்தாலும் அனுபவிப்பது ஊரில் இருக்கும் சித்தப்பா என்பதெல்லாம் படிவத்தில் எழுத இடமில்லை. இது அநியாயம் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனையை எழுதாமல் விட்டவர்களையும்தான். தெரிந்தே தவறான விவரம் கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். விசா வரிசையில் நிற்கும் குடும்பம் அந்த வம்பை விலைக்கு வாங்கக் கூடாது.

பீரோவில் இருக்கும் அம்மாவின் வளையலும் ஆரமும் வராது. அவை சொந்த உபயோகப் பொருள்கள். முதலீடாக வாங்கி வைத்த தங்கக் கட்டி என்றால் அது வேறு கதை.

பிள்ளை பெயரில் இருக்கும் பணம் இன்னும் மோசம். அதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் வந்ததையெல்லாம் சேர்த்து மகள் பெயரில் 10,000 டாலர் வைத்திருந்தால் எஸ்ஏஐ 2,000 கூடும். அதே பணம் பெற்றோர் கணக்கில் இருந்தால் 564க்கு மேல் போகாது. 529 திட்டத்தில் போட்ட கல்விச் சேமிப்பு, பெற்றோரை நம்பியிருக்கும் மாணவருக்குப் பெற்றோரின் சொத்தாகவே கருதப்படும். தாத்தா பாட்டி தங்கள் பெயரில் வைத்திருக்கும் 529ஐ இப்போது ஃபாஃப்சா கேட்பதே இல்லை.

ஃபாஃப்சாவோடு முடிந்தால் பரவாயில்லை. தனியார் கல்லூரிகளில் பல சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு விண்ணப்பத்தையும் கேட்கின்றன. காலேஜ் போர்டு 1954இல் தொடங்கிய உதவித்தொகைப் பிரிவிலிருந்து வந்தது இது. குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் வைத்து "இவர்களால் இவ்வளவு தர முடியும்" என்று கணக்கிடும் முறையை ஹார்வர்டில் இருந்த ஜான் மன்ரோ அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வகுத்திருந்தார். சிஎஸ்எஸ் துருவித் துருவிக் கேட்கும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் கடன் போக எவ்வளவு உங்களுடையது, ஓய்வூதியச் சேமிப்பு எவ்வளவு என்று போகும். விவாகரத்து ஆன பெற்றோர் என்றால் பல கல்லூரிகள் இருவரிடமும் விவரம் கேட்கும். ஃபாஃப்சா அப்படியில்லை, கடந்த பன்னிரண்டு மாதத்தில் பிள்ளைக்கு அதிகம் செலவழித்தவர் மட்டும் போதும். சிஎஸ்எஸ்ஸுக்குக் கட்டணமும் உண்டு: முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. குடும்ப வருமானம் 1,00,000 டாலர் வரை என்றால் இலவசம். ஒன்றைப் பாராட்ட வேண்டும்: ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், பெரிய மருத்துவச் செலவு போன்றவற்றை விளக்கி எழுத அதில் இடம் இருக்கிறது.

எச்4 மூத்தவனுக்கும் இந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. கல்லூரியின் சொந்தப் பணத்துக்குக் குடியுரிமை கட்டாயமில்லை. பல கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைத்துப் பார்க்கும், உதவி கேட்பதே சேர்க்கையைப் பாதிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் மட்டும் எந்த நாட்டு மாணவராக இருந்தாலும் பண வசதியைப் பார்க்காமல் சேர்த்து, தேவை முழுவதையும் நிரப்புகின்றன. அவற்றில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நடைமுறையில் எச்4 பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது, பல மாநிலங்கள் அவர்களுக்கும் தரும் உள்மாநிலக் கட்டணம்தான், அதாவது மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்தவர் கட்டும் குறைந்த கட்டணம்.

நல்ல சம்பளம் வாங்கும் ஐடி குடும்பத்துக்கு இதெல்லாம் தேவையா? ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையின் வீட்டு வருமானம் 2,50,000 டாலர் என்றால் ஃபாஃப்சாவிலிருந்து மானியம் வராது. மாணவர் பெயரில் கடன் கிடைக்கும். அதற்கு வருமான வரம்பு இல்லை. முதல் வருடம் 5,500 டாலர், நான்கு வருடத்தில் 27,000. ஆனால் எல்லாத் தமிழ்க் குடும்பமும் ஐடி அல்ல. பெட்ரோல் பங்க் கல்லாவில் நிற்பவர்கள், ஓட்டல் சமையலறையில் வேலை பார்ப்பவர்கள், ஆய்வகத்தில் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெல் கிராண்ட் வருடத்துக்கு 7,395 டாலர் வரை வரும், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நடுவில் இருப்பவர்கள் கல்லூரி அச்சிட்டிருக்கும் விலையைப் பார்த்து ஓடிவிடுகிறார்கள். ஆனால் எம்ஐடியில் குடும்ப வருமானம் 2,00,000 டாலருக்குக் கீழே, சொத்தும் வழக்கமான அளவில் என்றால் படிப்புக் கட்டணமே கிடையாது. 2025 முதல் ஹார்வர்டிலும் அதே வரம்பு. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். நவம்பரில் "இந்தக் கல்லூரிதான், கிடைத்தால் சேர்ந்தே தீருவேன்" என்று எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கருவியில் அரை மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்படி விண்ணப்பித்தவருக்கு இரண்டு கல்லூரிகளின் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காது.

மார்ச், ஏப்ரலில் உதவிக் கடிதங்கள் வரும். "வாழ்த்துகள்! உங்களுக்கு 54,000 டாலர் நிதியுதவி!" என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 58,000. மீதி நாலாயிரம்தான், அம்மா மகிழ்ந்துபோய் ஊருக்கு போன் போடுவார். பிரித்துப் பார்த்தால் மானியம் 26,000. மாணவர் கடன் 5,500. வொர்க் ஸ்டடி 2,500, அது பிள்ளை நூலகத்திலோ உணவகத்திலோ வேலை செய்து மணிக்கணக்கில் சம்பாதிக்க வேண்டிய பணம். முதல் நாள் கையில் இருக்காது. மிச்சம் 20,000 "பேரன்ட் பிளஸ்". அது பெற்றோர் வாங்க வேண்டிய கடன், அதற்கும் வட்டி உண்டு. உண்மையில் குடும்பத்தின் தலையில் விழுவது 32,000. பத்தில் ஒன்பது கல்லூரிகள் தங்கள் கடிதத்தில் இந்த நிகரத் தொகையைச் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று நாடாளுமன்றத்தின் அதே தணிக்கை அமைப்பு 2022இல் கண்டது. ஆகவே கடிதத்தின் கடைசி வரியை விட்டுவிட்டு, நீங்களே ஒரு தாளில் மொத்தச் செலவிலிருந்து மானியத்தை மட்டும் கழித்துப் பாருங்கள். நாலு கல்லூரிக்கும் அப்படிச் செய்தால் வரிசை தலைகீழாக மாறுவது உண்டு. பேரன்ட் பிளஸ் கடனுக்கும் 2026 ஜூலை முதல் உச்சவரம்பு வந்துவிட்டது: ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000. அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் கடன்தான்.

2025இல் வேலை போன அப்பாவுக்கு இனிமேல்தான் வழி பிறக்கும். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு, தனிப்பட்ட சூழ்நிலையைப் பார்த்து எண்களைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. வேலையிழப்பு, சம்பளக் குறைவு, பெரிய மருத்துவச் செலவு, பெற்றோரில் ஒருவரின் மரணம் இவையெல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று சம்மதித்தால் மற்றது சம்மதிக்க வேண்டும் என்றில்லை. உருக்கமான கடிதம் அங்கே எடுபடாது, காகிதம்தான் எடுபடும்: வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பள ரசீது, மருத்துவமனை பில், இந்த வருடம் வரக்கூடிய வருமானத்தின் உத்தேசக் கணக்கு. நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், பிச்சை கேட்பதுபோல நினைக்கிறார்கள். ஊரில் தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு நின்ற தலைமுறைக்கு அந்தக் கூச்சம் ஏன் வந்தது என்று புரியவில்லை. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை.

மே 1க்குள் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டியாகிவிடும். கடன் வாங்குவதானால் மகள் இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்து முடித்துப் பத்திரத்தில் கையெழுத்திடுவாள். பதினேழு வயதானாலும் அது அவள் பெயரில் வரும் கடன். ஆகஸ்டில் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ரைஸ் குக்கரை அனுமதிப்பார்களா என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபர் வந்துவிடும். ஃபாஃப்சா வருடா வருடம் போட வேண்டியது. இந்த முறை 2025ஆம் ஆண்டின் வரித் தாக்கல். கணக்கின் பாஸ்வேர்டு என்னவென்று மகள் போனில் கேட்பாள்.